கடற்கரையில் ஹெலன்: திரை சரி, பேச்சுதான் சரியில்லை

ராமநாதபுரத்திலிருந்து குட்டி யானை வண்டியில் திரை, புரொஜெக்டர், ஜெனரேட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். கந்தூரி, மாதா கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கல்யாண வீடு என்று எதற்குக் கூப்பிட்டாலும் வருவார்கள். அதில் ஒரு குழு இந்தி நடிகை ஹெலனின் வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. மொத்தம் இரண்டரை மணி நேரம். 22 பாட்டுத் துண்டுகள். நடுநடுவே ஒருவர் மைக் பிடித்துத் தமிழில் கதை சொல்வார்.

கட்டணம் இரவுக்கு 8,500 ரூபாய். ராமநாதபுரத்திலிருந்து 40 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி வாடகை தனி. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் அவர்கள் பொறுப்பு. நாற்காலி, இடம், காவல் நிலைய அனுமதி நம் பொறுப்பு. திரை கட்டுகிற கைக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுக்கலாம். மைக் பிடிக்கிற வாய்க்கு நான்கு கொடுப்பதே அதிகம்.

முதலில் கையைப் பார்ப்போம். இந்தக் கரையில் வெள்ளித்திரை கட்டுவதும் பாய்மரம் கட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. பாய் காற்றை வாங்க வேண்டும், திரை வாங்கக் கூடாது. 16 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 144 சதுர அடித் துணி. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் சுமார் 70 கிலோ அளவுக்குத் தள்ளும். காற்று 45-க்கு ஏறினால் அந்த 70 ஒன்றரை மடங்காவதில்லை. இரண்டேகால் மடங்காகி 157 கிலோவைத் தொடும். பொழுது சாய மெல்லிய காற்றாக இருந்தது எட்டரை மணிக்கு மேல் திடீரென்று கூடும்போது திரை விழுவது இந்தக் கணக்கால்தான்.

மற்றவர்கள் கோட்டை விடுவது முளையில். மணலில் அடித்த இரண்டடி இரும்பு முளை முதல் அரை மணி நேரம் நன்றாக நிற்கும். கயிறு துள்ளத் துள்ள முளையைச் சுற்றி மணல் இளகி, முளை மெள்ள மேலே வந்துவிடும். இந்தக் குழு முளையை நம்புவதில்லை. காலி உரச்சாக்கில் மணலை நிரப்பி, வாயைத் தைத்து, நடு வயிற்றில் கயிற்றைச் சுற்றி, இரண்டரை அடிக் குழியில் குறுக்காகப் படுக்க வைத்து மூடி மிதிக்கிறார்கள். கம்பத்துக்கு மூன்று சாக்கு: காற்று வரும் பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. மேல் மணல் காய்ந்து பொலபொலவென்று இருந்தாலும் இரண்டரை அடிக்குக் கீழே ஈரம் இருக்கும். அந்த ஈர மணல்தான் சாக்கைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு நல்ல வேலை திரையின் கீழ் விளிம்பில் இருக்கிறது. மேல் விளிம்பும் இரண்டு பக்கமும் நைலான் கயிற்றால் விறைப்பாகக் கட்டியிருக்கும். கீழே மட்டும் ஓரடிக்கு ஒரு கண் வைத்து, ஒவ்வொரு கண்ணிலும் பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கிக் கோத்திருக்கிறார்கள். காற்று மொத்தமாக வந்து மோதும்போது ரப்பர் இழுபட்டு, துணி ஒரு சாண் விலகி, காற்றைக் கீழ்வழியாகக் கழித்துவிட்டுப் பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. படம் அந்த நொடியில் ஒருமுறை நெளியும், அவ்வளவுதான். அங்கேயும் கயிறே கட்டியிருந்தால் கண் கிழியும். கண் கிழியாவிட்டால் கம்பம் வளையும்.

என்றாலும் காலம் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தேவிபட்டினம், தொண்டி என்று வடகடல் ஓரத்தில் திரை கட்டச் சொல்வது வீண் வம்பு. கீழக்கரை, பெரியபட்டினம், வாலிநோக்கம் என்று தென்கடல் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அதே கதை. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்குகிறது. அதன் முதல் ஒரு மாதம்தான் தோது. ஆட்கள் ஊரில் இருப்பார்கள், காற்றும் அடங்கியிருக்கும். தென்கடல் ஓரத்தில் ஆமைக்குஞ்சு பொரிக்கும் காலம் அப்போது முழுக்க முடிந்திருக்காது என்பதால் திரையின் முதுகைக் கடலுக்குக் காட்டாதீர்கள். புரொஜெக்டர் கடலைப் பார்த்து ஒளி வீசினால் திரைக்கு வெளியே வழியும் வெளிச்சம் முழுவதும் கரையில் விழும். மணலிலிருந்து ஏறி வரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கத்தைக் கடல் என்று நினைத்துப் போகும். திரை கடலைப் பார்க்கட்டும், ஜனம் கடலுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். சொன்னால் மாற்றிக் கட்டித் தருகிறார்கள்; சொல்லாவிட்டால் வண்டி நிற்க வசதியான பக்கம்தான்.

புரொஜெக்டர் 4,000 லூமென். 16 அடித் திரைக்கு 24 அடி தள்ளி வைக்கிறார்கள். தெருவிளக்கு ஒன்றை அணைத்துவிட்டால் இந்த வெளிச்சம் போதும்; மின்கம்பத்து விளக்கு நேராகத் திரையில் விழும் இடமென்றால் 8,000 வைத்தாலும் கறுப்பு, சாம்பலாகத்தான் தெரியும். ஏழேகாலுக்கு முன் தொடங்கச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். மேற்கு வானம் வெளுத்திருக்கும்போது முதல் இரண்டு கறுப்பு வெள்ளைப் பாட்டும் பாழ். லென்ஸ் பராமரிப்பில் மட்டும் ஒரு குறை. கடற்காற்றின் உப்பு லென்ஸில் மெல்லிய படலமாகப் படிகிறது. அதைத் தோளில் கிடக்கும் துண்டால் துடைக்கிறார்கள். உப்பும் நுண்மணலும் சேர்ந்து கண்ணாடியை அரம் போல ராவிவிடும். ரப்பர் பந்தால் ஊதி, பிறகு லென்ஸ் துணியால் தொட்டெடுக்க வேண்டும். அந்தத் துணி நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும். நாமே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவது மேல்.

இப்போது திரையில் தெரிவதற்கு வருவோம். 22 துண்டுகளில் ஏழெட்டு இழுபட்டு வருகின்றன. ‘ஹவுரா பிரிட்ஜ்’ மாதிரியான அந்தக் காலத்துப் படங்கள் 4:3-க்குக் (அகலம் 4 என்றால் உயரம் 3) கிட்டத்தட்டச் சமமான சட்டகத்தில் எடுத்தவை. அவற்றை 16:9 திரை முழுக்க நிரப்பினால் படத்தில் இருப்பவர் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார். வில்லன் அகலமானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஹெலன் அகலமானால் நிகழ்ச்சியே போச்சு. அவர் ஆட்டத்தின் அழகெல்லாம் இடுப்பின் வெட்டிலும் சுழற்சியின் வேகத்திலும் இருக்கிறது. படம் இழுபட்டால் பக்கவாட்டு அசைவு பெரிதாகி, மேல் கீழ் அசைவு அப்படியே நின்று, தாளத்துக்கும் உடம்புக்கும் ஒட்டாமல் போகிறது. சரிசெய்ய ஐந்து நொடி போதும்: ரிமோட்டில் ஆஸ்பெக்ட் பொத்தானை அழுத்தி 4:3 வைக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் இரண்டடி கறுப்பாக நிற்கும். நிற்கட்டும். ‘ஷோலே’ வரும்போது மறக்காமல் திரும்ப மாற்ற வேண்டும், அது அகலத்திரைப் படம்.

மைக் பிடிக்கிறவரின் கோளாறு இதைவிடப் பெரிது, பொத்தான் அழுத்தித் தீராது. அவர் கதையை 1958-இல் தொடங்குகிறார். ஹெலன் ‘பர்மாவிலிருந்து கப்பலில் பம்பாய்க்கு வந்த வெள்ளைக்காரப் பெண்’ என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு நேரே ஆட்டத்துக்குப் போகிறார். கப்பலும் தப்பு, வெள்ளைக்காரியும் தப்பு. ஹெலன் 1938 நவம்பர் 21-இல் ரங்கூனில் பிறந்தவர். தந்தை ஆங்கிலோ இந்தியர், தாய் பர்மியர். போர்க்காலத்தில் தந்தை இறந்துபோக, ஜப்பானியர் பிடித்த பர்மாவிலிருந்து தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காடும் மலையுமாக நடந்தே அசாமின் திப்ருகருக்கு வந்து சேர்ந்தார். வழியில் பட்டினி. தாய்க்கு வயிற்றிலிருந்த கரு கலைந்தது. எலும்பும் தோலுமாக வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து தேறினார்கள். பிறகு கல்கத்தாவில் தம்பி அம்மையில் போய்விட்டான். இதெல்லாம் ஹெலனே பிற்காலத்தில் பேட்டியில் சொன்னவை.

இந்தக் கரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு இதைவிடப் பக்கத்துக் கதை வேறு என்ன இருக்கிறது? 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தபோது அங்கிருந்து நடந்தவர்கள் லட்சக்கணக்கான இந்தியர்கள். அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கு ஒரு பாதை, தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு பாதை, ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கு ஒரு பாதை. அதில் தமிழர்கள் ஏராளம். லேவாதேவிக்குப் போன செட்டியார்கள், கடை வைத்தவர்கள், கூலிக்குப் போனவர்கள். 1985 வரை செட்டிநாடும் இதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், பர்மா நடைக்கு இந்த மாவட்டம் கொடுத்த ஆட்கள் எவ்வளவு என்று புரியும். பழைய வீட்டுக் கதவிலும் தூணிலும் பர்மாத் தேக்கு இன்னும் நிற்கிறது. 1962-இல் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளை நாட்டுடைமையாக்கிய பிறகு கப்பலேறி வந்தது இரண்டாவது கூட்டம். மைக்காரர் கப்பல் என்று சொல்வது இந்தக் கதையோடு குழம்பித்தான். ஹெலன் வந்தது அதற்கு இருபது வருஷம் முன்னால், கால்நடையாக. பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொன்னால், ‘இந்தி டான்ஸ்காரிக்கும் நமக்கும் என்ன?’ என்று முன்வரிசையில் முணுமுணுக்கிற பெரியவரே வாயை மூடிக்கொண்டு கேட்பார்.

பம்பாய் வந்த பிறகு நடந்ததையும் இவர்கள் அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள். தாய் நர்ஸ் வேலை பார்த்தார். சம்பளம் பற்றவில்லை. ஹெலனின் படிப்பு நின்றது. குடும்பத்துக்குத் தெரிந்த குக்கூ என்ற ஆட்டக்காரி, அன்றைய இந்திப் படங்களில் பெரிய பெயர், கூட்ட ஆட்டத்தில் ஒருத்தியாக ஹெலனைச் சேர்த்துவிட்டார். 1951-இல் வந்த ‘ஆவாரா’வில் அப்படி ஆடியபோது வயது பன்னிரண்டு பதின்மூன்று. தனி ஆட்டக்காரியாகப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1958-இன் ‘ஹவுரா பிரிட்ஜ்’. சக்தி சாமந்தா இயக்கம், ஓ.பி. நய்யார் இசை, குரல் கீதா தத். ரங்கூன் பெண்ணுக்கு அங்கே கிடைத்தது சீனப் பெண் வேஷம். அந்த முகத்துக்கு அதன் பிறகு ஊர் ஊராகப் பெயர் வைத்தார்கள்: ‘கும்நாம்’ (1965) படத்தில் கிட்டி, ‘தீஸ்ரி மன்சில்’ (1966) படத்தில் ரூபி, ‘காரவான்’ (1971) படத்தில் மோனிகா. கதாநாயகிக்குச் சேலையும் கடைசி ரீலில் கல்யாணமும். இவருக்கு மது விடுதியும் கடைசிக்கு முன்னால் ஒரு குண்டும். ரூபி அப்படித்தான் சாகிறாள். நிகழ்ச்சியில் இந்த மூன்று படங்களின் துண்டும் அடுத்தடுத்து வருகின்றன, ஆனால் மூன்றையும் கோத்து இந்த ஒற்றை விஷயத்தைச் சொல்ல மைக்காரருக்குத் தோன்றவில்லை.

தமிழ்த் துண்டு ஒன்று இருக்கிறது: ‘உத்தம புத்திரன்’. அதுவும் 1958 தான். ஜி. ராமநாதன் இசையில் சிவாஜி முன்னால் ஆடுகிறார் ஹெலன். இதைப் பதினோராவது இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவரை இந்திப் பாட்டுக்கு லேசாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் கூட்டம் அந்த இடத்தில்தான் நிமிர்கிறது. இதை முதலில் போட்டு, அதே வருஷத்து ‘ஹவுரா பிரிட்ஜ்’ஐ இரண்டாவதாகப் போட்டால் சரியாக இருக்கும். இரண்டும் அந்தக் காலத்துச் சட்டகம் என்பதால் ஆஸ்பெக்ட் பொத்தானையும் அடிக்கடி அழுத்த வேண்டியதில்லை.

தவறாகச் சேர்த்த துண்டும் ஒன்று உண்டு. ‘கும்நாம்’ படத் தொடக்கத்தில் முகமூடி போட்டுக்கொண்டு ஆடும் அந்தப் பிரபலமான விடுதிப் பாட்டை ஹெலன் என்று காட்டுகிறார்கள். அது லட்சுமி சாயா. ஹெலனும் அதே படத்தில் இருப்பதால் பலர் வழுக்கி விழும் இடம் இது. அதற்குப் பதிலாகப் போட வேண்டியது அதே படத்தில் லதா பாடி, ஹெலன் ஆடும் கடற்கரைப் பாட்டு. மணலில் ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊர் ஜனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை; கால் புதைகிற இடத்தில் அந்தக் கணுக்கால் வேலையைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

குரல்களிலும் குழப்படி. எல்லாமே ஆஷா போஸ்லே என்று மைக்காரர் ஒரே போடாகப் போடுகிறார். ‘காரவான்’, ‘டான்’ (1978) இரண்டும் ஆஷாதான்; இரண்டுக்கும் பிலிம்பேர் விருது வாங்கினார். ஆனால் ‘இன்கார்’ (1977) படத்துக் கள்ளுக்கடைப் பாட்டு உஷா மங்கேஷ்கர். ‘இந்த்காம்’ (1969) லதா. ‘ஷோலே’ (1975) பாட்டில் பெண் குரலே கிடையாது, ஆர்.டி. பர்மன் தானே பாடியது.

ஒலி அமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நன்றாகவே இருக்கிறது. இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர், ஜெனரேட்டர் நூறடி தள்ளிக் காற்றின் கீழ்ப்பக்கம். ஆனால் இளவட்டங்கள் கேட்டார்கள் என்று பேஸைத் திருகிவிடுகிறார்கள். அந்தக் காலத்து மோனோ ஒலித்தடத்தில் அடியில் பெரிதாக ஒன்றும் கிடையாது. திருகினால் எழும்புவது தபேலா இல்லை, ஜெனரேட்டர் மின்சாரத்தின் ‘உம்’ சத்தம்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, கீச்சென்று குத்தும் இடத்தில் லேசாகக் குறைத்தால் கீதா தத்தின் குரல் கண்ணாடி மாதிரி வரும்.

குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பார்க்கலாம். வெறும் உடம்பு என்று தோன்றும் இடங்களில் ஹெலன் பெரும்பாலும் தோல் நிறத்தில் ஒட்டிய உள்ளாடை போட்டிருப்பார். 16 அடித் திரையில், நல்ல கோப்பாக இருந்தால், உற்றுப் பார்க்கிறவருக்குத் துணி என்று தெரிந்துவிடும். ஜமாஅத்தோ கோயில் கமிட்டியோ தயங்கினால் ‘காரவான்’ ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாம்.

கடைசி அரை மணி நேரம்தான் சகிக்கவில்லை. ஹெலன் 1981-இல் கதாசிரியர் சலீம் கானை மணந்தார், அதனால் சல்மான் கானுக்குச் சிற்றன்னை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் சல்மான் கான் பாட்டு ஓட்டுகிறார்கள். விசில் பறக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் விடுபட்டுப்போவது எது என்று பாருங்கள். எழுபதுகளில் வாய்ப்பு மெலிந்து, கையில் பணமும் இல்லாமல் தவித்தபோது வேடங்கள் கிடைக்க வழி செய்தவர் சலீம் கான். ‘ஷோலே’, ‘டான்’ இரண்டுமே சலீம் கான் ஜாவேத் அக்தரோடு சேர்ந்து எழுதியவை. பிறகு மகேஷ் பட் இயக்கத்தில் 1979-இல் வந்த ‘லஹு கே தோ ரங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் கிடைத்தது. ஆட்டத்துக்காக இல்லை, நடிப்புக்காக. அந்தப் படத்திலிருந்து ஒரு காட்சிகூட 22-இல் இல்லை. இந்தி வசனம் புரியாதே என்கிறார்கள். மைக் கையில் இருக்கிறது, தமிழில் நாலு வரி சொல்லிவிட்டுக் காட்சியை ஓட்ட வேண்டியதுதானே? 2009-இல் பத்மஸ்ரீ வந்ததையும் சொல்வதில்லை.

படங்களைப் பொது இடத்தில் காட்டும் உரிமை பற்றிக் கேட்டால் மழுப்புகிறார்கள். ஊர்ப் பெயரில் நோட்டீஸ் அடித்து நடத்துகிறவர்கள் இதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மாட்டினால் பிடிபடுவது நோட்டீஸில் பெயர் இருப்பவர்தான்.

முன்பணம் 2,000 கொடுக்கும்போதே நான்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: ‘உத்தம புத்திரன்’ முதலில், முகமூடிப் பாட்டு வேண்டாம், சல்மான் ஐந்து நிமிடம், மிச்ச நேரம் பர்மா நடைக்கும் அந்த 1979 படத்துக்கும். கேட்கிறார்கள், கோப்புகளை வரிசை மாற்ற அவர்களுக்குப் பத்து நிமிட வேலை. உங்கள் ஊரில் பர்மா கதை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அந்த இடத்தில் மைக்கை அவரிடம் கொடுக்கச் சொன்னாலும் மறுப்பதில்லை. கடைசிப் பாட்டு 9.40-க்குள் தொடங்கிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திரையை அவிழ்க்கும்போது ஊர்ப் பையன்கள் உதவிக்கு ஓடிவந்து மேல் கயிற்றை முதலில் அவிழ்ப்பார்கள், விடாதீர்கள். முதலில் கீழே இருக்கும் டியூபுகள், பிறகு பக்கங்கள், மேல் கயிறு கடைசியில்.